சமையலறையில் கூடிய மாவட்டச் சபை

மன்னித்துவிடு, மன்னித்தால் நிம்மதியாக நித்திரை வரும் என்று எங்கள் பங்குத்தந்தை சொன்னார். நான் மன்னிக்கவில்லை. நித்திரையும் எனக்கு நன்றாகத்தான் வருகிறது.

நான் மன்னிக்காத மனிதர் ஓர் ஆங்கிலேயர். தொண்ணூறுகளில் பலெர்மோவில் அவருடைய வீட்டில் வேலை செய்தேன். அவருடைய மனைவி இந்த ஊர்க்காரி. அந்த அம்மா இறந்தபிறகு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் போர்கோ வெக்கியோச் சந்தையைப் பார்த்தபடி இருந்த அவளுடைய நாலாம் மாடி வீட்டில் கிழவர் தனியே இருந்தார். கண் மங்கிக்கொண்டு வந்தது. சமைக்க, துடைக்க, உடுப்புத் தோய்க்க ஒருத்தி வேண்டும் என்று கோவிலில் சொல்லி வைத்திருந்தார். நான் மன்னாரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே விளக்குமாற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என்னை ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்தார். விளக்குமாறு எங்கும் போய்விடவில்லை. காலையில் தட்டச்சு, மத்தியானம் விளக்குமாறு. சம்பளம் விளக்குமாற்றுக்கு மட்டும்.

நான் தட்டியது ஒரு மாவட்டத்தின் வரலாறு. அந்த மாவட்டத்தை இன்றைக்கு இங்கிலாந்து வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. நூறு வருடத்துக்கு முன்னர் அரசாங்கம் அங்கே கிராமங்களைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்து, ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு சபை அமைத்ததாம். கிழவருடையது அதில் ஒன்று. ஒரு ஆறு, சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றுக்கு இடையில் ஆட்டுப்பட்டிகளும் கிராமங்களும். நட்டநடுவில் ஒரு நகரம் இருந்தது, ஆனால் அது மாவட்டத்தைச் சேர்ந்ததில்லை, அதற்குத் தனிச் சபை. மாவட்டச் சபைக்குக் கூடுவதற்குச் சொந்தமாக ஓர் இடம் இல்லாமல் அந்த நகரத்திலேயே வாடகைக் கட்டடம் எடுத்துத்தான் கூடினார்கள். அந்த அவமானத்தைப் பற்றி மட்டும் கிழவர் பக்கம் பக்கமாகச் சொல்லி என்னைத் தட்டவைத்தார்.

சபை செய்த வேலைகளை நான் இப்போதும் ஒப்பிப்பேன். கிணறுகளைச் சோதித்தார்கள், கக்கூஸ் வாளி அள்ளினார்கள், யுத்தகாலத்தில் லண்டனிலிருந்து அனுப்பிய பிள்ளைகளுக்கு வீடு வீடாக இடம் பிடித்துக் கொடுத்தார்கள், யுத்தம் முடிந்ததும் ஏழைகளுக்குச் செங்கல் வீடு கட்டினார்கள். கிழவர் அந்தச் சபையின் கடைசிச் செயலாளர். எழுபத்துநாலாம் ஆண்டு ஏப்ரல் முதலாம் தேதி நாடு முழுக்க இப்படியான சின்னச் சபைகளை எல்லாம் கலைத்துப் பெரிதாக ஆக்கினார்கள். நடுவிலிருந்த நகரம் கிழவரின் மாவட்டத்தை விழுங்கியது. நகரத்தின் செயலாளர் புதுச் சபைக்குத் தலைமை அதிகாரியானார், கிழவருக்கு ஓய்வூதியம் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். அதுவும் முட்டாள்கள் தினத்தன்று! அதைச் சொல்லிவிட்டு அந்த வரியை என்னைத் திரும்ப வாசிக்கச் சொல்லுவார்.

எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒருவரும் சாகவில்லை, ஒரு கூரையும் எரியவில்லை. வாசலில் தொங்கிய பலகையை மாற்றினார்கள், அவ்வளவுதான். எங்கள் யுத்தத்தில் நான் மூன்று இடங்களில் வீடு விட்டு ஓடியவள். ஆனால் அந்தப் பலகைக்காக அந்த மனிதர் இருபது வருடம் வயிறெரிந்துகொண்டிருந்தார். புத்தகத்தை முடித்து, அச்சடித்து, முதல் பிரதியை அந்த நகரத்துச் செயலாளரின் மூஞ்சியில் வீச வேண்டும். அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று நான் அவரிடம்தான் படித்தேன், நல்ல வாத்தியார்.

இனி அந்த வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் சமையலறையில் கூட்டம் நடக்கும். கிழவர் டை கட்டிக்கொண்டு மேசையின் தலைமாட்டில் உட்காருவார். நான் எதிரே, கையில் ஈரம் காயாமல். அவர் பிரேரிப்பார், நான் ஆமோதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கரையிலிருந்து வருகிற மீன் வாங்குவது, வரவேற்பறைத் திரையைத் தோய்ப்பது, மாடிப்படி விளக்கைப் பற்றி வாயிற்காப்போனிடம் முறையிடுவது எல்லாவற்றுக்கும் பிரேரணை, ஆமோதிப்பு, நிறைவேற்றம். பிறகு அதை நான் கூட்டறிக்கையாகத் தட்டி வைக்க வேண்டும். ஆமோதிக்காமல் அந்த வீட்டில் ஒரு முட்டையும் அவியாது. முதலில் விளையாட்டென்று நினைத்தேன். விளையாட்டில்லை. தீர்மானம் என்று ஒன்று நிறைவேறிவிட்டால் மழை கொட்டினாலும் அதன்படி நடப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் இங்கிலீசு டைப்ரைட்டிங் இங்கிலீசு. எழுத்துத் தெரியும், விரல் ஓடும், பொருள் பாதிதான் விளங்கும். அதோடு, வயதுபோன மனிதர் ஒன்றைச் சொன்னால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தவுடன் "ஆமோதிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு திங்கட்கிழமை, "புத்தகம் முடியும்வரை, வீட்டு வேலை தவிர்ந்த வேறு எந்த அலுவலும் எடுத்துக்கொள்ளப்படாது" என்று ஒரு பிரேரணை கொண்டுவந்தார். அதையும் ஆமோதித்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனேன்.

அந்த வேறு அலுவல் என்னவென்றால், என் மகள்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. தகப்பன் இல்லை. என் தங்கச்சியோடு கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தாள். பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தாய் இத்தாலிக்குக் கூப்பிடலாம். அதற்கு என் பெர்மெஸ்ஸோவும், அதாவது வதிவிட அனுமதியும், தங்க இடமும், வேலை தருபவரின் ஒப்பமும் வேண்டும். அவர் என்னோடு அலுவலகத்துக்கு வந்து, இவள் என்னிடம் ஒழுங்காக வேலை செய்கிறாள் என்று நேரில் ஒப்பமிட வேண்டும். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. அந்த ஒரு காலைப்பொழுதுதான் குறை.

கேட்டேன். "நீ ஆமோதித்த தீர்மானம்" என்றார்.

அதை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், அதற்கு வேறொரு பிரேரணை வேண்டும். சரி, பிரேரிக்கிறேன் என்றேன். ஆமோதிப்பவர் யார் என்று கேட்டார். சபையில் இருந்ததே இரண்டு பேர். தலைமை தாங்குபவர் ஆமோதிக்கக் கூடாதாம், வழக்கமில்லையாம். "ஆமோதிப்பவர் இல்லாததால் பிரேரணை கைவிடப்பட்டது" என்று சொல்லி, என்னையே அதைத் தட்டவும் வைத்தார். அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். புத்தகம் முடிந்த அன்றே வருவதாக உண்மையாகவே சொன்னார். ஆனால் அந்தப் புத்தகம் முடிகிற சாதியில்லை. கடைசி அத்தியாயம் வரும்போதெல்லாம் அவருக்கு முதலாம் அத்தியாயத்தில் ஏதோ குறை தெரியும்.

வேறு வீடு பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். புது வீட்டில் சேர்ந்தால் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் பெல்லெக்ரினோ மலைக்கு நடந்து ஏறுவோம், உச்சியில் இருக்கிற புனிதையின் குகைக் கோவிலுக்கு. சைவர்களும் வருவார்கள், மொரீசியஸ்காரரும் வருவார்கள். ஏறும்போது, கொழும்புத்துறையிலிருந்து வந்த ஓர் அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன்.

"நீ ஏனடி அவனுக்குத் தலையாட்டினனீ?" என்றாள்.

"நான் எல்லாத்துக்கும்தானே அக்கா ஆட்டினனான். மீனுக்கும் ஓம், திரைச்சீலைக்கும் ஓம். இதுவும் அப்பிடியெண்டு நினைச்சன்."

"அங்கை மேலை போய் நல்லாக் கேள். பிள்ளை வரவேணுமெண்டு நேந்துகொள்."

நேர்ந்துகொண்டேன். கூடவே, அந்தக் கிழவனின் புத்தகம் நாசமாகப் போகவேண்டும் என்றும் நேர்ந்துகொண்டேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் கொட்டாஞ்சேனையில் பொலிஸ் தமிழர் வீடுகளைச் சுற்றிவளைத்தது. மகளை மற்றப் பிள்ளைகளோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை என்று இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தங்கச்சி தொலைபேசியில் அழுதாள்.

"அக்கா, விட்டிட்டாங்கள். ஆனா பிள்ளை கதைக்கிறாளில்லை."

"குடு அவளிட்டை."

மூச்சு மட்டும் கேட்டது. "பிள்ளை, அம்மாவடா" என்றேன். "ம்" என்றாள். அதற்கு முன்னர் அவள் தொலைபேசியை எடுத்தால் விடமாட்டாள், காசு போகிறதென்று நான்தான் ஏசி வைப்பேன். அதற்குப் பிறகு எப்போது எடுத்தாலும் "ம்" மட்டும்தான். அந்த இரண்டு நாளில் என்ன நடந்ததென்று இன்றுவரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் கிழவரிடம் எழுந்து நின்று சொன்னேன். என் பிள்ளையைப் பொலிஸ் பிடித்தது, வாய் போய்விட்டது, ஒரே ஒரு காலை என்னோடு வாருங்கள் என்றேன். அவர் தலை குனிந்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார். அடுத்த விடயத்துக்குப் போனார். அடுத்த விடயம் அலுமாரிக்குள் எறும்பு.

அன்றைக்குத்தான் நான் முடிவெடுத்தேன். இந்த மனிதரை அழவைக்காமல் விடமாட்டேன். சாப்பாட்டில் உப்பைக் கூட்டுவது, சிரித்த முகத்தோடு தமிழில் ஏசுவது எல்லாம் சின்னப் பிள்ளை வேலை. அதையும் செய்தேன்தான், ஆனால் அது காணாது. அவருக்கு எது நோகுமென்று எனக்குத் தெரியும், பக்கம் பக்கமாகத் தட்டியிருக்கிறேனே. காத்திருந்தேன்.

காத்திருந்தது வந்து சேர்ந்தது. மாசி கடைசியில் அந்த நகரத்துச் செயலாளரே பலெர்மோவுக்கு வருவதாகத் தகவல் வந்தது. கப்பலில் சுற்றுலா வருகிறாராம், துறைமுகத்தில் ஒரு பகல் நிற்குமாம், பழைய நண்பரைப் பார்க்க ஆசையாம். நண்பர்! கிழவருக்குப் பத்து வயது குறைந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்பது, சாப்பிட்டு முடிந்ததும் புத்தகத்தில் நகரம் தண்ணீர் தராத கதை வருகிற அத்தியாயத்தை வாசிப்பது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். நான் மனம் நிறைந்து ஆமோதித்தேன். அவருக்கு அதற்குள் கண் தெரியாமல் போய்விட்டபடியால் வாசிக்க வேண்டியவள் நான்.

வந்தவர் ஒரு குண்டு மனிதர். வாசலிலேயே சிரிக்கத் தொடங்கியவர், சிரித்துக்கொண்டே மீனைச் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தார். கிழவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சியாகுல்லி மந்தரீனோக்களைத் தட்டில் வைத்தேன், பங்குனி வரை வருகிற பிந்திய பழம், தோல் மெல்லியது, வாசம் அறை முழுக்க நிற்கும். கிழவர் கரண்டியால் குவளையைத் தட்டினார். வழக்கம்போலக் கூட்டத்தைத் தொடக்கிவைத்தார். விருந்தாளி பகிடியென்று நினைத்து நாற்காலியைச் சரிசெய்துகொண்டார்.

நான் எழுந்து நின்று வாசித்தேன். மாவட்டத்தின் எல்லையில் ஒரு கிராமம். நகரத்தின் தண்ணீர்க் குழாய் அதன் வேலி வரைக்கும் வந்து நின்றது. கிராமம் தண்ணீர் கேட்டது, மாவட்டச் சபை நகரசபையிடம் கேட்டது. அடுத்த கூட்டத்தில் கவனிக்கப்படும் என்று பதில். அடுத்ததிலும் அதே பதில். வருடக்கணக்காக அதே பதில். குளிர்காலத்தில் பெண்கள் கிணற்றின் மேல் உறைந்த பனியை உடைத்துத் தண்ணீர் அள்ளினார்கள். அந்த அத்தியாயத்தின் கடைசி வரிகளைக் கிழவர் ஒரு மாதமாக மாற்றி மாற்றிச் சொல்லி என்னைத் தட்டவைத்திருந்தார். ஒத்திவைப்பது மறுப்பதைவிடக் கேவலம். மறுக்கிறவன் தன் முகத்தைக் காட்டிச் செய்கிறான். ஒத்திவைக்கிறவன், தான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறான்.

அந்த வரிகளை நான் விருந்தாளியைப் பார்த்து வாசிக்கவில்லை. கிழவரைப் பார்த்து வாசித்தேன். கண் தெரியாதவருக்கும் குரல் எந்தப் பக்கம் திரும்புகிறதென்று தெரியும்.

விருந்தாளி கொஞ்சம் யோசித்தார். "அது நாங்களா?" என்று கேட்டார். "எனக்கு ஞாபகமே இல்லை. சரி, இப்போது அங்கே தண்ணீர் இருக்கும்தானே?" என்று சொல்லி ஒரு பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

கிழவரின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். இருபது வருடம் அரைத்த மிளகாய் ஒரு நொடியில் புளித்துப்போயிற்று. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பழக்கதோசத்தில், "வேறு அலுவல் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு" என்றேன்.

நான் அன்று பேசிய இங்கிலீசு இங்கே எழுதியிருப்பதுபோல் நேராக இருக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையை, கொழும்பை, பொலிஸை, நான் விளங்காமல் ஆமோதித்த தீர்மானத்தை, எறும்பை. "அந்தத் தீர்மானத்தை நீக்க வேண்டும், நாளைக் காலை அலுவலகத்தில் ஒப்பமிட வேண்டும் என்று பிரேரிக்கிறேன்" என்று முடித்தேன். தனியாக, மரியாதையாக இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அவருடைய எதிரியின் முன்னால் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"ஆமோதிப்பவர் இல்லை" என்றார் கிழவர்.

"நான் ஆமோதிக்கிறேன்" என்றார் குண்டு மனிதர்.

"நீங்கள் விருந்தாளி. உறுப்பினர் இல்லை."

"எழுபத்துநாலில் உங்கள் சபையின் சொத்து, கடன், அலுவல் எல்லாம் சட்டப்படி எங்களிடம் வந்தன, நண்பரே. உங்கள் சபை இன்னும் எங்கேயாவது கூடுகிறதென்றால் எனக்கு அதில் ஒரு நாற்காலி உண்டு. கூடவில்லை, அது செத்துப்போனது என்றால், இது வெறும் சமையலறை. இந்தப் பெண் எந்தத் தீர்மானத்துக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. எது என்று நீங்களே சொல்லுங்கள்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மனிதருக்கு என் பிள்ளையில் ஒரு அக்கறையும் இல்லை, பழைய விளையாட்டில் இன்னும் ஒரு தரம் வென்ற சந்தோசம் மட்டும். எனக்கென்ன. கிழவருக்கோ, ஒரு பக்கம் தன்னுடைய மாவட்டம் செத்துவிட்டது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மறுபக்கம் எதிரியைத் தன் மேசையில் உறுப்பினராக உட்காரவைக்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் காத்திருந்தது அதைத்தான். நன்றாகப் பார்த்தேன்.

"வாக்கெடுப்பு" என்றார் கடைசியில். நான் கையை உயர்த்தினேன். குண்டு மனிதர் பழத்தோலோடு கையை உயர்த்தினார். "நிறைவேறியது" என்று கிழவரே சொன்னார்.

மறுநாள் காலை டை கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். அலுவலகத்தில் நின்று, அந்த உத்தியோகத்தர் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். நிறைவேறிய தீர்மானத்தை அவர் மீறமாட்டார். அவரிடம் இருந்த ஒரே நல்ல குணம் அது. அதையும் நான் அவரை அடிக்கத்தான் எடுத்தேன்.

மகள் பதினெட்டு முடிய முன்னரே வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் என் கைப்பையின் வாரைப் பிடித்தபடி வந்தாள், ஒரு சொல் பேசவில்லை. அன்றோடு கிழவரின் வீட்டை விட்டேன். அதற்குள் வேறு இடம் பார்த்து வைத்திருந்தேன், பல்லில்லாத ஒரு சிஞ்ஞோராக் கிழவியும் அவளுடைய நாயும். கிழவர் வாயிற்காப்போனிடம் சொல்லி அனுப்பினார், கடைசி அத்தியாயம் மட்டும்தான் மிச்சம், வந்து தட்டிவிட்டுப் போ, கேட்ட சம்பளம் தருகிறேன் என்று. பிறகும் சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. வேறு யாராவது வந்து தட்டியிருக்கலாம். ஆனால் அவருடைய உடைந்த குரலையும், திருத்தத்தின் மேல் திருத்தத்தையும் தொடர்ந்து பிடிக்க வேறு ஒருத்தருக்கும் முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போகவில்லை.

மகளுக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் வந்தது தமிழில்லை, இத்தாலியன். ஒருநாள் போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரன் எடையில் ஏமாற்றப் பார்த்தபோது, எனக்குப் பின்னால் நின்றவள் திடீரென்று முன்னே வந்து, இந்த ஊர்ப் பெட்டைகள் மாதிரியே இழுத்து இழுத்து அவனை ஏசினாள். சனம் திரும்பிப் பார்த்தது. நான் மீன் பையை அணைத்துக்கொண்டு அழுதேன்.

கிழவர் இறந்த செய்தியை வாயிற்காப்போன்தான் சொன்னான். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவியின் மருமகன் என்னைக் கூப்பிட்டான். கட்டுக்கட்டாகக் காகிதம், உனக்கு வேண்டுமா, இல்லாவிட்டால் கீழே குப்பைத் தொட்டியில் போடுகிறேன் என்றான். மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவ்வளவும் என் விரல் தட்டியது. கயிறு போட்டுக் கட்டியிருந்தார், கண் தெரியாத கையால், கோணலாக.

"அம்மா, பாவமம்மா அந்த மனுசன். எடுத்துக்கொண்டு போவமே" என்றாள் மகள்.

"போடச் சொல்லு" என்றேன். அவள்தான் இத்தாலியனில் சொன்னாள்.

படியிறங்கும்போது கேட்டாள், "அந்த மாவட்டத்துக்கு என்ன பேரம்மா?"

எனக்குத் தெரியும். மாவட்டத்தின் பெயர் தெரியும், அதிலிருந்த கிராமங்கள் ஒவ்வொன்றின் பெயரும் தெரியும், எந்தக் கிணறு எந்தத் தெருவில் என்றுகூடத் தெரியும். அந்த வரலாற்றை முழுதாகத் தெரிந்த ஆள் உலகத்தில் இனி நான் ஒருத்திதான். யாராவது ஒருவர் அந்தப் பெயரை ஒருமுறை எழுத வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மனிதர் உயிரோடு இருந்தார்.

"தெரியாது பிள்ளை" என்றேன். "நட, மழை வரப்போகுது."